ஓதச் சுவரைப் பசை போட்டு மறைக்காதீர்கள்

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

தரைக்குக் கீழே அறை கட்டுகிறீர்கள். மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறுகிறது. "நல்ல கம்மா போட்டு பிவிசி பேனல் ஒட்டிடலாம், ஒண்ணும் தெரியாது" என்கிறார்கள். தெரியாதுதான். பேனலுக்குப் பின்னால் பூஞ்சை பூக்கும். அந்த அறையில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

டப்பாவில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருந்தால், காய்ந்த பிறகு பசை தண்ணீரைத் தாங்கும் என்று அர்த்தம். சுவரின் கசிவை நிறுத்தும் என்று அர்த்தமல்ல.

மரவேலைக்கான சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் மறுபடி இளகும். ரப்பர் பசை ஈரச் சுவரில் பிடிக்காது. அதன் ஆவி தீப்பற்றும், காற்றோட்டமில்லாத அறையில் தலை சுற்றும். காற்றின் ஈரத்திலேயே இறுகும் பாலியூரித்தேன் பசை உண்டு. ஆனால் சுவரில் பூச்சே உதிர்ந்தால், அதோடு சேர்ந்து அதுவும் விழும்.

"வெளியே தோண்டினா செலவு சார்" என்பீர்கள். பேனலை இரண்டு முறை ஒட்டுவது இனாமா?

ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவரிலிருந்து ஈரம் வருகிறது. முதலில் கசிவை அடையுங்கள். வெளிப்பக்கம் இருந்தால் அறைக் காற்றின் ஈரம், காற்றோட்டம் கொடுங்கள்.

பிறகு உதிர்வதைச் சுரண்டி, காயவிட்டு ஒட்டுங்கள். டைல்ஸ் என்றால் பசை மூட்டையில் ஐ.எஸ். 15477 இருக்கிறதா என்று பாருங்கள்.

கொத்தனார், என்ஜினீயர் ஆன என் மாணவர்களே, வீட்டுக்காரர் கேட்டாலும் மறைத்துக் கொடுக்காதீர்கள்.