மருந்தில்லாத நோயாம்!

பரம்பரையாக வரும் ரத்த நோய்க்கு மருத்துவத்தில் வழியே இல்லை என்பது ஊரறிந்த ‘உண்மை’. அண்மையில் வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளி ஒன்று இதையே மூலதனமாக்கி, தலசீமியா என்னும் பரம்பரை ரத்தச்சோகை உள்ள குழந்தைகளுக்குப் பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழமும் சிபாரிசு செய்கிறது. அக்குழந்தைகளுக்கு இரும்பு குறைவல்ல, மிகை. அவர்களுக்கு அடிக்கடி ஏற்றப்படும் ஒவ்வொரு பை ரத்தமும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பைக் கொண்டுவந்து இதயத்திலும் கல்லீரலிலும் சேர்க்கிறது. அதை வெளியேற்ற மாத்திரை கொடுக்கும் வீட்டுக்குத்தான் இந்த இலவச வைத்தியம்!

வழியில்லை என்போர் ஹைட்ராக்ஸியூரியாவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1869இல் ஜெர்மனியில் உருவான இந்த வேதிப்பொருள் பின்னாளில் புற்றுநோய் மருந்தானது. கருவிலிருக்கும் சிசுவின் ஹீமோகுளோபின் தனி வகை. பிறந்து சில மாதங்களில் அது குறைந்த பிறகே, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் மற்றொரு பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் தலைகாட்டும். அந்தச் சிசு ஹீமோகுளோபினை மீண்டும் பெருக்குகிறது இம்மருந்து. 1995இல் வெளியான, 299 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், இதை உட்கொண்டோருக்கு வலித் தாக்குதல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மரபணு அப்படியேதான் இருந்தது, நோய் அடங்கியது.

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் இருப்பது 1952இலேயே பதிவானது. அவர்களுக்கு வேண்டியது அனுதாபமல்ல; தினமும் ஒரு வேளை ஹைட்ராக்ஸியூரியாவும், அவ்வப்போது ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க ஓர் ஆய்வகமும்தான்.

ஆனால் மலிவான மருந்து தலைப்புச் செய்தியாவதில்லை. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்கெவி மரபணு சிகிச்சையும் அதே சிசு ஹீமோகுளோபினைத்தான் எழுப்புகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். ஆகவே பத்திரிகைகளுக்கு அது ‘அற்புதம்’, ஹைட்ராக்ஸியூரியா வெறும் மாத்திரை! இன்னொரு பரம்பரை ரத்த நோய்க்கும் வழி பிறந்திருக்கிறது: வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ரத்தம் எளிதில் உறையாத கடும் ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு மரபணு சிகிச்சை அளித்து ரத்தக்கசிவை நிறுத்திய முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. பீட்ரூட் காணொளியைப் பகிர்ந்தோரில் எத்தனை பேர் இதைப் பகிர்ந்தனர்?

கல்யாணப் பேச்சில் ‘வழியே இல்லை’ என்ற நம்பிக்கை இன்னும் கூத்தாடுகிறது. பத்துப் பொருத்தம் பார்த்தே தீரவேண்டிய குடும்பங்கள், ரத்தப் பரிசோதனை என்றதும் ‘எங்கள் ரத்தத்தில் குறையா?’ என்று கொதிக்கின்றன. கணவன் மனைவி இருவரும் தலசீமியா கடத்திகளானால் (நோயின்றி அதன் மரபணுவைச் சுமப்பவர்களானால்) ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எந்த ஜாதகமும் அதைச் சொல்லாது. சைப்ரஸில் திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டுமென்று 1983இல் தேவாலயமே கேட்கத் தொடங்கியது. அங்கே தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் இன்று மிக அரிது.