கூடை தூக்குகிறவளைக் கேட்டார்களா?

சென்ற வாரம் ஒரு நாள் மாலை, உளுத்தம்பருப்பு தீர்ந்துவிட்டதென்று எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். எப்போதும் கலகலவென்று பேசும் அண்ணாச்சி அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று.

"என்ன அண்ணாச்சி, ஏதாவது விசேஷமா?" என்றேன்.

"விசேஷந்தான் அம்மா. பில் போடுகிற மெஷின். பாக்கெட்டிலே இருக்கிற கோட்டைக் காட்டினால் விலையைச் சொல்லுமாம். பையன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். இன்றைக்கு ராத்திரி வியாபாரிகள் சங்கக் கூட்டம். 'நீ ஒருத்தன் மெஷின் வைத்தால் நாங்களும் வைக்க வேண்டாமா? பணத்துக்கு எங்கே போவோம்?' என்று எல்லாரும் என்னைப் பிய்த்துவிடுவார்கள்."

அதற்குள் பக்கத்து வீட்டு மாமி குறுக்கிட்டாள். "மெஷின் தாராளமா வரட்டும், அண்ணாச்சி. ஆனா, அது தப்பா விலை சொன்னா நான் யாரோட சண்டை போடறது?"

மாமி காரணமில்லாமல் கேட்கவில்லை. போன மாதம் ஒரு பெரிய கடையில், பாக்கெட்டில் அச்சிட்ட விலை ஒன்றாகவும் பில்லில் விழுந்த விலை வேறாகவும் இருந்ததாம். கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது" என்றார்களாம். மாமிக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சகோதரிகளே, மாமியின் இந்தக் கேள்வியை அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். ஐம்பது வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் பெரிய பெரிய முதலாளிகளைத் திணற அடித்த கேள்வி இது. அந்தக் கதையை அண்ணாச்சியிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

1948-ம் வருஷம். பிலடெல்பியா நகரில் ஒரு மளிகைக் கடைக் கம்பெனியின் தலைவர் அங்கிருந்த தொழிற்கல்லூரிக்கு வந்து, "கடையில் விற்கும் சாமான்களைத் தானாகவே படித்துக் கணக்கெடுக்க ஒரு வழி கண்டுபிடித்துத் தர முடியுமா?" என்று கேட்டார். பெர்னார்ட் சில்வர் என்ற வாலிபர் காதில் அது விழுந்தது. தம் சிநேகிதர் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்ட் மியாமி கடற்கரையில் உட்கார்ந்து யோசித்தார். தந்தி அடிக்கும் மோர்ஸ் புள்ளிகளும் கோடுகளும் அவருக்கு நினைவு வந்தன. மணலில் விரல்களை ஊன்றித் தம் பக்கமாக இழுத்தார். மெல்லியதும் தடித்ததுமாகக் கோடுகள் விழுந்தன. இன்று நம் வீட்டுப் பற்பசை டப்பாவில் இருக்கிற கோடுகளின் பிறப்பு அதுதான்.

1952-ல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. ஆனால், கோட்டைப் படிக்கத் தகுந்த விளக்கும் இல்லை. கணக்கிட மலிவான கம்ப்யூட்டரும் இல்லை. யோசனை இருபது வருஷம் தூங்கிற்று.

பிறகு லேசர் விளக்கு வந்தது, கம்ப்யூட்டரும் சிறுத்தது. யந்திரம் தயார். இனி என்ன தடை என்கிறீர்களா? மனிதர்கள்தாம் தடை!

யோசித்துப் பாருங்கள். சாமான் செய்கிற கம்பெனி, "கடைகளில் யந்திரமே இல்லையே, நான் எதற்குக் கோடு அச்சிட வேண்டும்?" என்கிறது. கடைக்காரரோ, "பாக்கெட்டில் கோடே இல்லையே, நான் எதற்கு யந்திரம் வாங்க வேண்டும்?" என்கிறார். கல்யாண வீட்டில், "அவர்கள் முதலில் வந்து அழைக்கட்டும்" என்று இரண்டு சம்பந்திகளும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத்தான்.

1969-ல் தயாரிப்பாளர்கள் சங்கமும் கடைக்காரர்கள் சங்கமும் சின்சினாட்டி நகரில் கூடிப் பேசின. ஒவ்வொரு சாமானுக்கும் எத்தனை இலக்க எண் கொடுப்பது என்பதிலேயே தகராறு. தயாரிப்பாளர்கள் 11 இலக்கம் வேண்டுமென்றார்கள். தாங்கள் ஏற்கெனவே வைத்திருந்த எண்கள் அதற்குள் அடங்க வேண்டுமே! கடைக்காரர்கள் 7 இலக்கம் போதுமென்றார்கள்; எண் நீண்டால் வேலையும் செலவும் நீளுமே! கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

ஆனால், யாரும் கதவைச் சாத்திக்கொண்டுவிடவில்லை. 1970-ல் இரு தரப்புப் பெரிய கம்பெனிகளின் தலைவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். மறு வருஷமே சமரசம் பிறந்தது. தயாரிப்பாளருக்கு 5 இலக்கம், பொருளுக்கு 5 இலக்கம், ஆக மொத்தம் 10. ஒருவர் ஒன்று இறங்கினார். மற்றவர் மூன்று ஏறினார்.

இதற்கிடையில் ஒரு பெரிய கடைக் கம்பெனி, 1972-ல் சின்சினாட்டிக் கடை ஒன்றில் யந்திரத்தை வைத்துப் பார்த்தது. அதில் வட்ட வட்டமான குறிகள். யந்திரம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால், பாக்கெட்டுகளில் குறி இல்லாததால், கடை ஆட்களே ஒவ்வொன்றிலும் கையால் ஒட்ட வேண்டியிருந்தது. எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருக்க முடியும்? சங்கம் கூட வராவிட்டால், எவ்வளவு நல்ல யந்திரமும் ஒற்றை மாட்டு வண்டிதான்.

எந்தக் குறியை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கத் தனிக் குழு போட்டார்கள். ஹேபர்மன் என்ற கடைக் கம்பெனித் தலைவர் அதற்குத் தலைமை வகித்தார். 1973 ஏப்ரல் 3-ம் தேதி அவர்கள் தேர்ந்தெடுத்தது, ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த ஜார்ஜ் லாரர் அமைத்த நேர்கோட்டுக் குறி. காரணம் மிகவும் எளியது. அச்சு யந்திரத்தில் காகிதம் ஓடும்போது மை கொஞ்சம் இழுபடும். வட்டமானால் அதன் உருவமே கெட்டுவிடும். காகிதம் ஓடும் திசையிலேயே போட்ட கோடானால், சற்று நீளும், அவ்வளவுதான். அது மட்டுமல்ல, குறியை யாரும் தம் சொத்தென்று சொல்லிப் பணம் கேட்கக் கூடாது என்றும் நிபந்தனை வைத்தார்கள். பெட்டிக் கடைக்காரரும் பயமில்லாமல் உபயோகிக்கலாம்.

1974 ஜூன் 26-ம் தேதி காலை, ஓஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற சிற்றூர்க் கடையில், பணம் வாங்கும் பெண்மணி ஒருத்தி ஒரு சூயிங்கம் கட்டை யந்திரத்தின் மேல் நகர்த்தினாள். 67 சென்ட் என்று விலை விழுந்தது. எல்லாரும் கை தட்டியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்?

இல்லை. அதன் பிறகுதான் வினை வந்தது.

அதுவரை கடைகளில் ஒவ்வொரு டப்பாவிலும் தனித்தனியே விலையை ஒட்டிவைப்பார்கள். யந்திரம் வந்துவிட்டால் அந்த வேலையும் கூலியும் மிச்சம் என்பது முதலாளிகளின் கணக்கு. அலமாரியில் ஒரு சீட்டு வைத்தால் போதாதா? போதாது என்றார்கள் குடும்பப் பெண்கள். "அலமாரியில் பார்த்த விலைதான் பில்லில் விழுந்ததா என்று எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போய் எதை வைத்துச் சரிபார்ப்பது?" நுகர்வோர் சங்கங்கள் கொடி பிடித்தன. வேலை போய்விடுமே என்று கடை ஊழியர் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. மிச்சிகன் மாநிலம், ஒவ்வொரு சாமானிலும் விலை ஒட்டத்தான் வேண்டும் என்று 1976-ல் சட்டமே போட்டுவிட்டது. 2011 வரை அந்தச் சட்டம் இருந்தது! அதே 1976-ல் ஒரு பெரிய வியாபாரப் பத்திரிகை, அந்த யந்திரம் தோற்றுவிட்டதென்றே கட்டுரை எழுதிற்று. பெரிய பெரிய கடைகள் எல்லாம் அதை ஏற்றுக்கொள்ள மேலும் பல வருஷங்கள் ஆயின.

பார்த்தீர்களா? தயாரிப்பாளரைக் கேட்டார்கள், கடைக்காரரைக் கேட்டார்கள், அச்சடிப்பவரின் கஷ்டத்தைக்கூட எண்ணிப் பார்த்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவளை மட்டும் அந்த மேஜைக்குக் கூப்பிடவில்லை. சங்கத்தை அழைத்துக்கொண்டு போனதால் யந்திரம் பிறந்தது. அவளை அழைக்காததால் அது தவழ்ந்து தவழ்ந்து வந்தது.

"அப்போ என் கேள்விக்கு என்ன பதில்?" என்றாள் மாமி, விடாப்பிடியாக.

அதற்கும் பதில் உண்டு. அந்தக் கோடுகளில் விலையே கிடையாது. வெறும் எண்தான். விலை, கடைக்காரரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. யந்திரம் எண்ணைச் சரியாகப் படித்ததா என்று தானே சோதித்துக்கொள்ளும். நம் ஊர்ப் பாக்கெட்டில் கோடுகளுக்குக் கீழே 13 இலக்கங்கள் இருக்கும். உதாரணமாக, 8901234567890 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இப்படிப் பூஜ்யத்தில் முடிந்தால் சரி. முடியாவிட்டால் யந்திரம் ஏற்காது. சாயங்காலம் குழந்தைகளிடம் ஒரு பாக்கெட்டைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று.

ஆனால், கடைக்காரர் விலையைத் தவறாக எழுதி வைத்திருந்தால் அந்தத் தப்பு யந்திரத்துக்குத் தெரியாது. அதைப் பிடிக்கக்கூடியவர் மாமி ஒருவர்தான்! நம் நாட்டில் பாக்கெட் சாமானில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது. அமெரிக்கப் பெண்கள் போராடிக் கேட்டது நமக்குப் பாக்கெட்டிலேயே இருக்கிறது. படித்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

இன்னொன்று. 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. அந்த எண்ணை இந்திய அமைப்பு வழங்கியது என்றுதான் அதற்கு அர்த்தம். எங்கே செய்தது என்பதை அச்சிட்ட எழுத்தில்தான் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை போனேன். முகம் மலர்ந்திருந்தது.

"சங்கத்திலே என்ன ஆயிற்று?"

"நான் ஒருத்தனாக முந்திக்கொள்ளவில்லை அம்மா. 'ஒரு மாசம் என் கடையிலே வைத்துப் பார்க்கிறேன். லாப நஷ்டம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லாரும் வந்து பாருங்கள். பிடித்தால் சேர்ந்தே மலிவாக வாங்குவோம்' என்றேன். பாதிப் பேர் சரியென்றார்கள். பாதிப் பேர் பார்க்கலாம் என்றார்கள். சண்டைக்கு மட்டும் யாரும் வரவில்லை."

மேஜையைப் பார்த்தேன். பெட்டி பிரித்தாகிவிட்டது. விலை காட்டும் கண்ணாடித் திரை அண்ணாச்சி பக்கம் இல்லாமல், வாங்க வருகிறவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

மாமி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "உம், போடுங்கோ அண்ணாச்சி. முதல்லே துவரம்பருப்பு!"