நடுவை அறிந்த பின் பக்கம்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எழுதியபோது, ஸ்னூக்கர் ஆட்டத்தைப் பற்றி எழுதுவோம் என விடையிறுத்தோம். அவர்கள் சற்றுத் திகைத்திருத்தல் வேண்டும். கல்லூரியை நிறுவிய பெரியோரைப் போற்றவும், ஆசிரியப் பெருந்தகைகளை நினைவுகூரவும், உதைபந்தாட்டத்திலும் துடுப்பாட்டத்திலும் ஈட்டிய வெற்றிகளை எடுத்துரைக்கவும் பலர் உளர். பச்சைத் துணி விரித்த மேசைக்காகப் பரிந்து பேசுவோர் எவரும் இலர். ஆதலின் அப்பொறுப்பை யாமே மேற்கொண்டோம்.

மருதமுனை தொடக்கம் பொத்துவில் ஈறாக நீளும் எமது கரையோரத்தில் கரம் பலகை அறியாத இளைஞரைக் காண்டல் அரிது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும், மாலை வேளையில் பலகையைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம்; அக்கூட்டத்தில் நின்றுமிருக்கின்றோம். கோணத்தை ஒரு பார்வையில் அளந்துவிடும் கண் நம் பிள்ளைகளுக்கு அப்பலகை தந்த கொடை. அவர்களுட் பலர் தொழில் நாடிக் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். ஆங்கே ஓய்வு நேரத்தில் ஸ்னூக்கர் மேசையை முதன்முறையாகச் சந்திக்கின்றனர். கண் பழகியிருத்தலால் சில நாட்களிலேயே பந்துகளைப் பையில் வீழ்த்தத் தொடங்கிவிடுகின்றனர். அதன் பின்னரே இடர் பிறக்கின்றது.

கரம் பலகையின் மேல் நாம் மாவைத் தூவுவது உராய்வைக் குறைத்தற்பொருட்டு. ஸ்னூக்கரில் கோல்முனையிலே சோக்குத் தடவுவது உராய்வைக் கூட்டுதற்பொருட்டு. முன்னையது வழுக்கலை நாடும் ஆட்டம். பின்னையது பற்றுதலை நாடும் ஆட்டம். அப்பற்றுதலினால் வெள்ளைப் பந்தின் நடுவை விட்டு வலத்தேயோ இடத்தேயோ குத்திப் பந்தைச் சுழலச் செய்தல் இயல்கின்றது. இதுவே ‘சைட்’ எனப்படும் பக்கச் சுழற்சி. கரம் ஆடிப் பழகிய இளைஞனுக்கு இது முற்றிலும் புதியதொரு வித்தை. ஆதலால் அவன் அதில் மயங்குகின்றான். பந்து பைக்குள் விழாதபோதெல்லாம் சைட் போதவில்லை என்று எண்ணுகின்றான். விழுந்தபோதெல்லாம் சைட்டே வீழ்த்தியது என்று மகிழ்கின்றான். இவ்விரண்டும் பெரும்பாலும் பிழை என்பதே எமது கருத்து.

இவ்வாட்டம் நமக்கு அந்நியமானது என எவரும் கருதவேண்டா. 1875ஆம் ஆண்டில் இந்தியாவின் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்னும் படை அதிகாரியின் முயற்சியால் இது பிறந்தது. (பிற்காலத்தில் அதே பெயருடன் பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் வேறு.) அதன் விதிகள் 1882இல் தமிழ்நாட்டு நீலகிரியில், உதகமண்டலக் கழகத்தில் வரையப்பட்டன. ஸ்னூக்கரின் மூத்த உடன்பிறப்பு மூன்று பந்துகளைக் கொண்டு ஆடும் பில்லியட்ஸ். 1973இல் பம்பாயில் நடைபெற்ற உலகப் பில்லியட்ஸ் போட்டியில் வாகை சூடியவர் எம். ஜே. எம். லாபிர். எவ்விளையாட்டிலேனும் இலங்கைக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அதுவே. துடுப்பாட்டத்தில் 1996இல் நம் நாடு உலகக் கிண்ணத்தை வென்றதை நம் மாணவர் அனைவரும் அறிவர். அதற்கு இருபத்துமூன்று ஆண்டுகள் முன்னரே பச்சைத் துணி மேசையொன்றின் மேல் நாடு உலகை வென்றிருந்ததை அறிந்தோர் எத்தனை பேர்?

இனிச் சைட்டின் இயல்பை ஆராய்வோம். வெள்ளைப் பந்தின் வலப்புறத்தைக் குத்துகின்றோம் எனக் கொள்க. மூன்று விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். முதலாவது விலகல்: பந்து நாம் குறித்த நேர்கோட்டில் செல்லாது சற்று இடப்புறமாகப் புறப்படும். இரண்டாவது வளைவு: கோலின் பின்முனை எப்போதும் சற்று உயர்ந்தே இருத்தலின், சுழலும் பந்து துணியைப் பற்றி மெல்ல வலப்புறம் திரும்பும். மூன்றாவது தள்ளல்: சுழலும் வெள்ளைப் பந்து இலக்குப் பந்தைத் தொடும் கணத்தில் அதன் முகத்தை உராய்ந்து இடப்புறமாகத் தள்ளும். இடப்புறம் குத்தின் இவையனைத்தும் திசை மாறி நிகழும். இவற்றின் அளவு அடியின் வேகம், தூரம், துணியின் தன்மை, பந்தின் தூய்மை, கோலின் சாய்வு ஆகியவற்றுக்கேற்ப மாறுபடும். 1835ஆம் ஆண்டிலேயே கொரியோலிஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் பில்லியட்ஸ் பந்துகளின் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து ஒரு நூலே இயற்றினார். நம் கல்லூரியில் பௌதிகம் பயிலும் மாணவர் இவ்விடயத்தைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குதல் தகாது.

சிறு கணக்கொன்று காண்போம். வெள்ளைப் பந்துக்கும் இலக்குப் பந்துக்கும் இடையே ஆறடி தூரம். விலகல் ஒரேயொரு பாகை. ஆறடி சென்றபின் வெள்ளைப் பந்து தன் கோட்டிலிருந்து ஏறக்குறைய 32 மில்லிமீற்றர் அகன்றிருக்கும். பந்தின் விட்டம் 52.5 மில்லிமீற்றர். ஆகவே நேரே செல்லவேண்டிய இலக்குப் பந்து ஏறத்தாழ 37 பாகை விலகி ஓடும்! வளைவு அவ்விலகலில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் என்பது மெய்யே. எவ்வளவு ஈடுசெய்யும் என்பதை வேகமே தீர்மானிக்கும். அடுத்துத் தள்ளலை நோக்குக. பைக்கு நான்கடி தொலைவில் நிற்கும் பந்து இரண்டு பாகை தள்ளப்படின், பையை அடையும்போது 43 மில்லிமீற்றர் விலகியிருக்கும். மூலைப் பையின் வாயோ ஏறத்தாழ மூன்றரை அங்குலமே. நடுவில் குத்துவோன் ஒரு பிழைக்கு அஞ்சினாற் போதும். பக்கத்திற் குத்துவோன் மூன்று பிழைகளையும் கூட்டிக் கழித்து, அக்கணக்கைத் தன் கையினால் ஒரு நொடியில் தீர்த்தல் வேண்டும்.

ஆற்றுவாயைக் கடக்கும் தோணிக்காரன் எதிர்த்துறைக்கு நேரே முனையைப் பிடிப்பதில்லை. நீரோட்டம் இழுக்கும் அளவை எண்ணிச் சற்று மேலே பிடிக்கின்றான். தேர்ந்த ஆட்டக்காரன் சைட்டுடன் குறிபார்ப்பதும் அவ்வாறே. ஆயின் தோணிக்காரன் அந்நீரை ஆண்டாண்டாக அறிந்தவன். முதல் மாதத்திலேயே சைட்டை நாடும் இளைஞன், துடுப்புப் பிடிக்கக் கல்லாமலே ஓட்டத்தில் இறங்கியவன்.

இதனை யாம் ஏட்டில் மட்டும் கற்றோமல்லேம். இளமையில் கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில், கழகமொன்றில் நடந்த சிறு போட்டியின் இறுதியாட்டம் எமக்கு வாய்த்தது. மேசையில் எஞ்சியிருந்தது கறுப்புப் பந்து ஒன்றே. அதனை வீழ்த்துவோர்க்கே வெற்றி. கறுப்புப் பந்து பைக்கு மூன்றடி தொலைவில், கிட்டத்தட்ட நேராகவே நின்றது. யாம் குனிந்தோம், வழக்கம்போல் வெள்ளைப் பந்தின் இடப்புறத்தை நோக்கிக் கோலைச் செலுத்தினோம். கறுப்புப் பந்து பையின் வாயில் தட்டி நின்றுவிட்டது. எதிரி அதனை எளிதில் வீழ்த்தினார். விளக்குகளை அணைக்க வந்த முதிய மாக்கர் எம்மைத் தனியே அழைத்துக் கேட்டார்: “தம்பி, கடைசிப் பந்து விழுந்தபிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றால் என்ன? அதற்கு எதற்கு சைட்?”

எம்மிடம் விடையில்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை. அதுவரை யாம் சைட் இட்டதெல்லாம் தேவை கருதியன்று. வித்தை தெரிந்தவன் எனப் பிறர் எண்ணவேண்டும் என்பதற்கே என்பதை அக்கேள்வி எமக்கு உணர்த்திற்று.

அம்முதியவரின் ஒரு வினாவில் ஆட்டத்தின் முழு நெறியும் அடங்கியுள்ளது. சைட் என்பது முதன்மையாக அடுத்த அடிக்காகவே உள்ளது. வெள்ளைப் பந்து குஷன் விளிம்பைத் தொட்டு மீளும்போது அதன் கோணத்தை விரிக்கவோ ஒடுக்கவோ உதவுவது சைட். சிவப்பை வீழ்த்தியபின் நிறப்பந்துக்கு வாகாக வந்து நிற்க வேண்டின் அது துணைபுரியும். பந்தை வீழ்த்துதற்கே சைட் இன்றியமையாத இடங்களும் சில உண்டு. நேர்வழியை வேறொரு பந்து மயிரிழையளவு மறைத்திருப்பின், தள்ளலைக் கொண்டு இலக்குப் பந்தை அந்த ஓரிரு பாகை திருப்பிவிடலாம். குஷனை ஒட்டி நிற்கும் பந்தை விளிம்போடு ஓடச்செய்வதற்கும் தேர்ந்தவர் அளவறிந்து சைட்டைக் கையாள்வர். இவை விதிவிலக்குகள். விலக்கையே விதியாகக் கொள்வோன் குறிதவறும் தன் கையின் குறையை மூடிமறைக்கின்றான். குறையோ அவ்வாறே வளர்கின்றது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. மேசைத் துணியின் மயிர் பால்க் கோட்டுப் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்தின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். மெதுவாக உருளும் பந்து அச்சாய்வோடு செல்லும்போது சைட்டுக்கு ஒருவகையாகவும், அதற்கு எதிராகச் செல்லும்போது மறுவகையாகவும் இணங்கும். மருதமுனை நெசவாளர் ஒருவரை அத்துணியைத் தடவிப்பார்க்கச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டே சாயும் திசையைக் கூறிவிடுவார். மேலும் வாடை வீசும் மாதங்களில் கடலோர ஈரத்தைத் துணி ஏற்கும், மேசை மந்தமாகும், நேற்றுக் கணித்த அளவு இன்று பிழைக்கும். நடுவிற் குத்திய பந்துக்கு இவ்வேறுபாடுகள் சிறிதே. சைட் ஏற்ற பந்துக்கோ இவை பெரிது.

எவ்வாறு கற்பது? வெள்ளைப் பந்தைப் பழுப்புப் பந்தின் புள்ளியில் வைத்து, மேசையின் நடுக்கோட்டிலுள்ள புள்ளிகளின் மேலாக எதிர்க் குஷனை நோக்கி அடித்து, கோலை அசைக்காது வைத்திருத்தல் வேண்டும். நடுவிற் குத்தியிருப்பின் பந்து திரும்பி வந்து கோல்முனையைத் தொடும். ஒருபுறம் விலகி வருமாயின், நாம் எண்ணாமலே சைட் இட்டுவிட்டோம் என்பது பொருள். புதியவருட் பெரும்பாலோர் முதன்முறை இதனைச் செய்துபார்த்து வியப்படைவர். தாம் அறியாமலே நாள்தோறும் சைட் இட்டுவந்தோர், அறிந்து சைட் இடுவது எங்ஙனம்? பத்துக்கு ஒன்பது முறை பந்து கோல்முனைக்கு மீளும் வரை பக்கத்தை நாடலாகாது என்பது எமது துணிபு.

இறுதியாக, நம் பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். ஸ்னூக்கர் என்றதும் பந்தயப் பணமும் புகைமண்டிய அறையும் அவர்தம் நினைவுக்கு வருகின்றன. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று, பந்தயம் கட்டுதலை யாமும் வெறுக்கின்றோம். ஆயினும் ஆட்டத்தையே இழித்துரைத்து ஒதுக்கியதன் விளைவு யாது? பிள்ளைகள் ஆடுவதை விட்டனரா? விட்டிலர். கற்பிப்பாரின்றி, மறைவாக, நடுவை அறியாது பக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டனர். உதைபந்தாட்டத்துக்கு மைதானமும் ஆசிரியரும் தந்த நாம், இதற்கு ஏச்சை மட்டுமே தந்தோம். எமக்கு வாய்த்த முதிய மாக்கரைப் போல ஒருவர் ஒவ்வொரு மேசையருகிலும் நிற்பதில்லை.

பெரும் பொருட் செலவில் மேசையொன்று வாங்குமாறு பழைய மாணவர் சங்கத்தை யாம் கேட்கவில்லை. பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட அப்பெருஞ் சாமானுக்கு நம் வகுப்பறைகளில் இடமும் இல்லை. இரண்டு பந்துகளும் ஒரு கோலும் ஒரு துண்டுத் துணியும் போதும். பௌதிக ஆய்வுகூடத்திலே விலகலையும் வளைவையும் தள்ளலையும் மாணவர் தம் கண்ணாற் கண்டு அளந்தறியட்டும். இவ்வாட்டத்தை அறிந்த பழைய மாணவர் நம்மிடையே உளர். ஆண்டுக்கொரு மாலைப்பொழுதை அவர்கள் தந்துதவட்டும். அவ்வேளையில் லாபிரின் பெயரையும் 1973ஆம் ஆண்டையும் நம் மாணவர் செவியில் இடட்டும். நாளை தூரதேசத்தில் ஒரு மேசையருகே நிற்கப்போகும் நம் பிள்ளை, கோலைக் கையிலெடுக்குமுன் “இந்த அடிக்குச் சைட் எதற்கு?” எனத் தன்னைத்தானே கேட்பானாயின், கல்லூரி அவனுக்கு நன்றே கற்பித்தது என்போம்.

யூபிலி காணும் எம் கல்லூரி நீடு வாழ்க.