மலைக்குப் போகுமுன் நாள்களை எண்ணுங்கள்



என்னிடம் தமிழ் பயின்று, தேசிய சேவையும் முடித்து, இன்று வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் சிலர் லடாக்கிற்குப் புறப்படுகின்றனர். லே வரை விமானம். அங்கே என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து மலைச் சுற்று. காத்தோங்கில் எங்கே அவர்களைக் கண்டாலும் இதே பேச்சுதான். கையுறை, முழங்கால் கவசம், தலைக்கவசத்தில் பொருத்தும் கேமரா என்று வாங்கியவற்றின் பட்டியல் நீள்கிறது. விடுப்பு எத்தனை நாள் என்று கேட்டேன். போகவர விமானப் பயணத்தையும் சேர்த்து ஏழே நாளாம்!

இத்திட்டம் ஆபத்தானது என்பதே என் கருத்து. வாங்கிய கவசங்களில் எதுவும் இந்தக் குறையை ஈடுசெய்யாது.

நம் தீவின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே கர்துங் லா கணவாய், 5,359 மீட்டர். (அங்கு நெடுங்காலம் இருந்த பலகை 18,380 அடி என்று கூட்டிச் சொன்னது, படம் எடுத்துக்கொள்ள அது போதும்.) அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். உடல் அதற்குப் பழக நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும், மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஓய்வும் வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் பொதுவிதி. விமானத்தில் நேரே லேயில் இறங்குபவர் முதல் நாளே இவ்விதியைக் கடந்துவிடுகிறார். ஆகவே அங்கே இரண்டு முழுநாள் வண்டியைத் தொடாமல் இருந்தாக வேண்டும். ஏழில் பயணத்திற்கு இரண்டு, ஓய்வுக்கு இரண்டு போனால் மீதி மூன்று. அந்த மூன்று நாளில் கர்துங் லா, நுப்ரா, பாங்கோங் ஏரி மூன்றையும் பார்த்தே தீருவது என்கின்றனர்.

"எங்களுக்கு ஒன்றும் ஆகாது, சார். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர்கள் நாங்கள்," என்றார் ஒருவர். உயரநோய் தங்கம் வாங்கியவரையும் விடுவதில்லை. உடல்வலிமை உள்ளவரே வேகமாக ஏறுவார். தலைவலியை நண்பர்களிடம் மறைப்பவரும் பெரும்பாலும் அவரே. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். நேர்கோட்டில் நடக்க இயலாத தள்ளாட்டம், ஓய்விலும் தீராத மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் அப்பொழுதே கீழே இறங்க வேண்டும். தாமதம் உயிரைப் பறிக்கும். பேருந்தில் அமர்ந்திருப்பவருக்கு வரும் இலேசான மயக்கமே வேறு, கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்புபவருக்கு வருவது வேறு.

பத்துப் பன்னிரண்டு நாள் கிடைக்குமானால் ஸ்ரீநகரில் இறங்கி வண்டியெடுக்கலாம். அது 1,600 மீட்டர் அளவில்தான் உள்ளது. சோஜி லாவைக் கடந்து கார்கிலில் (2,676 மீட்டர்) இரவு தங்கி, மெல்ல லே போய்ச் சேரலாம். மணாலி வழி வேண்டாம் என்பேன். அவ்வழியில் பலர் இரவு தங்கும் சார்ச்சு ஏறத்தாழ 4,300 மீட்டரில் இருக்கிறது. அங்கே உறக்கமின்றித் தவித்தோர் பலர்.

வண்டியோட்டும் திறன் பற்றியும் ஒரு சொல். 2பி உரிமத் தேர்வில் குறுகிய பலகைமேல் மெதுவாக ஓட்டியதும் எட்டுப் போட்டதும் நினைவிருக்கிறதா? தேர்வு முடிந்ததும் எல்லாரும் மறந்துவிடும் அப்பாடங்களே கொண்டை ஊசி வளைவில் கைகொடுக்கும். நெடிய இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தை அடக்கும் பழக்கத்தை மட்டும் நம் விரைவுச்சாலைகள் கற்றுத்தருவதில்லை. பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும்.

இதைப் பழக இமயம் வரை போக வேண்டியதில்லை. இங்கிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டரில் தாப்பா. அங்கிருந்து 59ஆம் எண் சாலை வளைந்து வளைந்து கேமரன் மலைக்கு ஏறுகிறது. 1,440 மீட்டர் உயரமுள்ள தானா ராத்தாவில் உயரநோய் அச்சமுமில்லை. ஒரு நீண்ட வாரயிறுதியில் அச்சாலையில் இருமுறை ஏறி இறங்குங்கள். இவ்வாண்டு ஏழு நாள்தான் கிடைக்கும் என்றால் இதையே செய்யுங்கள். லடாக்கிற்கு அடுத்த ஆண்டு விடுப்பைச் சேர்த்து வைத்துப் போகலாம். விமானச் சீட்டு இன்னும் வாங்கவில்லை என்று கேள்வி. நல்லது.