விடுமுறை வீணாயிற்றா?

சென்ற கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில், பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை என்னிடம் கொணர்ந்து தந்தான். விடுமுறையை நாகூரில் தன் தாய்வழிப் பாட்டியாரின் இல்லத்தில் கழித்தவன் அவன். 1960களில் நம் மக்கள் எதைக் கேட்டார்கள், எதைப் பாடினார்கள், எதைப் பார்த்தார்கள் என்பதனை அத்தெருவின் முதியோரிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தான். பரணிலிருந்து இறக்கிய பழைய இசைத்தட்டுகளில் ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்து, பாடியவர் பெயர்களையும் படியெடுத்திருந்தான்.

அருகிலிருந்த பெரியவர் ஒருவர் அதனைப் புரட்டிப் பார்த்தார். “ஹஜ்ரத், பாட்டும் கூத்தும் ஒரு படிப்பா? நீட் பயிற்சிக்குப் போயிருக்கலாம்; இல்லையேல் குர்ஆனில் ஒரு ஜுஸ்உவையேனும் மனனம் செய்திருக்கலாம். இரண்டுமின்றி விடுமுறையை வீணாக்கி விட்டானே!” என்றார். அன்று நான் மறுமொழி கூறவில்லை. இன்று கூறுகின்றேன்; அவருக்கு மட்டுமன்று, அவ்வாறே எண்ணும் பெற்றோர் அனைவருக்கும்.

மார்க்கத்தின் பேரால் எழும் மறுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். இசை கூடுமா, கூடாதா என்பது நம் இமாம்கள் பன்னூறு ஆண்டுகளாக ஆய்ந்துவரும் வினா. அதனை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. ஆனால் நம் முன்னோர் எதைக் கேட்டு வாழ்ந்தனர் என்பது வேறு வினா. முன்னது ஃபிக்ஹு, பின்னது வரலாறு. ஒன்றின்மீது தீர்ப்புக் கூறுவது அதனை உள்ளவாறு அறிந்த அறிவின் கிளையே என்பது மத்ரஸாவில் நாங்கள் பயின்ற விதி. அறியாமலே ஒதுக்குவதற்குப் பேணுதல் என்று பெயரில்லை. சோம்பல் என்றே பெயர்.

அரபு இலக்கியத்தைப் பாருங்கள். ஹிஜ்ரி 356இல், அதாவது கி.பி. 967இல் மறைந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ, அரசவையிலும் மக்களிடையிலும் வழங்கிய பாடல்களைத் திரட்டி ‘கிதாபுல் அகானீ’ என்னும் பெருநூலை ஆக்கினார். பாடியவர் யார், இயற்றியவர் யார் என்பவற்றை இன்னார் இன்னாரிடம் கேட்டார் என இஸ்னாதுடன் பதிவு செய்தார். அவர் கூறியவற்றை ஐயுற்ற அறிஞரும் உளர். ஆயினும் அரபுக் கவிதையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நூலைத் தொடாமல் அப்பால் செல்ல இயலவில்லை. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே பஸ்ராவின் அல் ஜாஹிழ், கஞ்சர்களைப் பற்றிய கதைகளைக்கூட ஒரு நூலாக்கி வைத்தார். இவர்களும் காலத்தை வீணாக்கியவர்கள்தாமா?

என் மாணவனின் குறிப்பேட்டு ஓரங்களில், “பாட்டியார் கூறியது, திருமண வீட்டில் தாமே கேட்டது” என்றும், “எதிர்வீட்டுப் பெரியவர் கூறியது, தாம் கேட்டதன்று, தம் தந்தையார் சொல்லக் கேட்டது” என்றும் குறிப்புகள் இருந்தன. இஸ்னாதின் பயனை ஓராண்டுக் காலம் வகுப்பில் நான் விளக்கியும் விளங்காதிருந்தவன் அவன். ஒரு மாதத் திண்ணைப் பேச்சில் அது அவனுக்கு விளங்கிவிட்டது. செவிவழிச் செய்தியையும் கண்ட செய்தியையும் பிரித்தறியக் கற்றவன், எந்தத் தேர்வுக்கும் ஆயத்தமாகி விட்டான் என்பேன்.

இனி, இதில் என்ன அறிவு இருக்கிறது என்பார்க்குச் சில கூறுவேன். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்றே மிகுதியாக ஓடும். கிஸ்ஸாவையும் மாலையையும் இரவெல்லாம் இருந்து கேட்ட நம் சமுதாயம், மூன்றே நிமிடத்தில் முடியும் பாட்டுக்குப் பழகியது அதனால்தான். கருவியின் அளவுக்குக் கவிதை குறுகியது.

1952க்குப் பின் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட்டன. நேயர்கள் பாட்டை விட்டார்களா? இல்லை, இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதியைத் தொடங்கி அரசே இறங்கிவர நேர்ந்தது. ஆணையிட்டுச் சுவையை அழிக்கலாம் என்று கருதுவோர் நம்மிடையேயும் உளர். அவர்களும் இப்பாடத்தைப் படிப்பது நன்று.

நாகூர் இ.எம். ஹனிபா 1925 முதல் 2015 வரை வாழ்ந்தவர். மீலாது மேடையில் முழங்கிய அவர் குரலே திராவிட முன்னேற்றக் கழக மேடையிலும் முழங்கியது. 1967 தேர்தலில் முஸ்லிம் லீக் அக்கட்சியோடு கூட்டணி கண்டதை வரலாற்று நூல் ஒரு வரியில் சொல்லிவிடும். அக்கூட்டு எளிய மக்களின் நெஞ்சில் எவ்வாறு ஊன்றியது என்பதனை அக்குரல் அன்றோ சொல்லும்!

திரைப்படங்களையும் அவன் விட்டுவைக்கவில்லை. 1956இன் அலிபாபாவும் 1960இன் பாக்தாத் திருடனும் முஸ்லிமைத் தொலைதூரக் கற்பனை நாட்டிலே நிறுத்தின. 1961இன் பாவமன்னிப்பு அவனைத் தமிழ் மண்ணுக்கு அழைத்து வந்தது, அப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் ஹனிபாவும் பாடினார். பிறர் நம்மை எவ்வாறு கண்டனர், நாம் நம்மை எவ்வாறு பாடினோம் என்று ஒப்பிட்டு அவன் எழுதிய இரண்டு பக்கங்கள், பட்டம் பெற்றோர் பலரும் எழுதாதவை.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். அக்காலம் பொற்காலம் என்று இரண்டிடத்தில் எழுதியிருந்தான். அதனை அடித்துத் திருத்தினேன். வறுமையும், பெண்மக்கள் பள்ளி காணாத நிலையும் அக்காலத்திலேதான் இருந்தன. அவன் கண்ட தட்டுகளில் பெரும்பாலானவை ஆடவர் பெயரையே தாங்கியிருந்தன. ஆனால் எந்தத் தட்டிலும் ஏறாத திருமணப் பாட்டையும் தாலாட்டையும் பாட்டியார் பாடப் பாட எழுதியிருந்தானே, அந்த நான்கு பக்கங்களுக்காக அவனை நான் வாழ்த்தினேன். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.

இவ்வளவு சினந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மௌலவிப் பட்டம் பெற்று வீடு திரும்பிய ஆண்டு, என் தந்தையார் பொத்தி வைத்திருந்த தட்டுகளை இளமை வேகத்தில் பழைய சாமான் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டவன் நான். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அவற்றில் என்ன இருந்தது என்று கேட்கும் அறிவு எனக்கு வந்தபோது, சொல்ல அவர் இல்லை. பெரியவர் எந்த வேகத்தில் பேசினாரோ, அதே வேகம் என்னிடமும் இருந்தது. அதன் விலை எனக்குத் தெரியும்.

பெற்றோர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். வீட்டின் மூத்தோர் அருகே அமரச் செய்யுங்கள். யார் சொன்னது, எங்கே கேட்டது, எப்போது கேட்டது என்ற மூன்றையும் மறவாமல் எழுதச் சொல்லுங்கள். ஓதுவதற்கும் நேரம் இருக்கும். பயிற்சிக்கும் நேரம் இருக்கும். மூத்தோருக்குத்தான் நேரம் இல்லை.

விடுமுறை வீணாயிற்றா என்று கேட்ட பெரியவருக்கு என் மறுமொழி இதுவே: அப்பிள்ளையின் விடுமுறை வீணாகவில்லை. வீணானது நானும் நீங்களும் கேளாது விட்ட நாட்களே.