நல்ல கதைக்காகப் பெயர்களைத் தொலைக்கலாமா?

புகழ்பெற்ற ராக் ஆல்பங்களைப் பற்றிய புத்தகங்களில் தகவல் பிழை இருந்தால் அதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. எழுதுகிறவர்களிடமும் பதிப்பிக்கிறவர்களிடமும் இருக்கிறது, வாசகர்களிடம் இன்னும் அதிகமாக இருக்கிறது. தேதி ஒன்றிரண்டு மாறினால் என்ன, டிரம்ஸ் வாசித்தது இவராக இருந்தால் என்ன அவராக இருந்தால் என்ன, பாட்டு மனதைத் தொடுகிறதா என்பதுதானே முக்கியம் என்று கேட்கிறார்கள். பிழையை எடுத்துச் சொல்கிறவனுக்கு ரசனை கெட்டவன் என்ற பட்டம்தான் மிஞ்சுகிறது. இந்த எண்ணம் அநியாயமானது. அதனால் நஷ்டப்படுகிறவர்கள் யார் என்று பார்த்தால் அந்த அநியாயம் புரியும்.

பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். 1967-இல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் ‘விதின் யூ விதவுட் யூ’ என்ற பாட்டோடு தொடங்குகிறது. ஜார்ஜ் ஹாரிசன் எழுதியது. அந்த ஆண்டு மார்ச் 15 அன்று லண்டன் அபே ரோட்டில் உள்ள ஈஎம்ஐ ஸ்டுடியோவில் அதன் ஒலிப்பதிவு ஆரம்பமானது. மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் வாசிக்கவே இல்லை. ஹாரிசன் பாடினார், சித்தார் வாசித்தார். தில்ரூபாவும் தபலாவும் தம்புராவும் வாசிக்க, லண்டனில் இயங்கிவந்த ஏஷியன் மியூசிக் சர்க்கிள் என்ற அமைப்பின் வழியாக இந்தியக் கலைஞர்கள் வந்தார்கள். தில்ரூபாவின் குழைவுகளை மேற்கத்திய வயலின்களில் கொண்டுவரத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பிற்பாடு பெரும்பாடு பட்டார். அந்தக் குழைவுகள் இல்லையென்றால் அந்தப் பாட்டே இல்லை.

வாசித்தவர்களின் பெயர் இசைத்தட்டின் உறையில் கிடையாது. உறையின் முகப்பிலோ பெருங்கூட்டமாகப் பிரபலங்களின் முகங்கள். அதில் லாஹிரி மகாசயர், யோகானந்தர் உள்பட நான்கு இந்திய யோகிகளுக்கு இடம் இருந்தது. பாட்டை வாசித்துக் கொடுத்த இந்தியர்களுக்கு ஒரு வரி இடம் இல்லை. சரி, உறையை விடுங்கள், அது வியாபாரம். பிறகு வந்த புத்தகங்கள் என்ன செய்தன? ஹாரிசனின் ஆன்மிகத் தேடலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, வாசித்தவர்களைப் பெயர் தெரியாத ‘இந்திய இசைக் கலைஞர்கள்’ என்று ஒரு சொற்றொடரில் கடந்துபோயின. அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி என்ற பெயர்கள் ஆல்பத்தின் பொன்விழாவையொட்டித்தான் பரவலாக வெளியே தெரிந்தன. அதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அந்தக் காலத்தில் யாருக்குமே பெயர் போடும் வழக்கம் இல்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1966-இல் வந்த ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் உறையில் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயர் தெளிவாக அச்சாகியிருக்கிறது. பெயர் போட முடிந்திருக்கிறது. போடாமல் விட்டதைப் பற்றி உறுத்தல் இருந்திருந்தால் புத்தகம் எழுதியவர்கள் போய்த் தேடியிருப்பார்கள்.

தகவல் பிழை எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறுவதில்லை. இத்தகைய புத்தகங்களைத் தொடர்ந்து படித்தால் அது பெரும்பாலும் ஒரே திசையில் சாய்வது தெரியும். ஏற்கெனவே பெயர் பெற்றவனுக்கு மேலும் பெயர் சேர்க்கிறது, உழைத்தவனிடமிருந்து இருக்கிற கொஞ்சத்தையும் பிடுங்குகிறது. போதையிலும் குழப்பத்திலும் மேதைமை தானாகப் பீறிட்டது என்ற கதைக்குத் தோதான பிழைகள்தான் நீண்ட காலம் உயிரோடு இருக்கின்றன.

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ இதற்கு நல்ல சாட்சி. 1972 மே மாதம் வெளிவந்த இரட்டை ஆல்பம், 18 பாட்டுகள். அதைப் பற்றி ஊரெல்லாம் அறிந்த கதை இது: 1971-இல் பிரிட்டிஷ் வரிக்குத் தப்பி இசைக்குழு தெற்குப் பிரான்சுக்குப் போகிறது. அங்கே கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்திருந்த நெல்கோட் மாளிகையின் நிலவறையில், வியர்வையிலும் ஹெராயினிலும் ஊறிக்கிடந்தபடி முழு ஆல்பத்தையும் பதிவுசெய்கிறார்கள். கதையில் பாதி உண்மை. நெல்கோட் உண்மை, நிலவறை உண்மை, ஹெராயினும் உண்மை. ஆனால் சில பாட்டுகளின் வேர் அதற்கு முன்பே, 1969-லும் 70-லும் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் இருக்கிறது. பிரான்சிலிருந்து கொண்டுவந்த டேப்புகளை எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸில் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து மேல்பதிவும் மிக்ஸிங்கும் செய்திருக்கிறார்கள். கிளைடி கிங், வெனெட்டா ஃபீல்ட்ஸ் போன்ற கறுப்பினப் பாடகிகளின் குரல்கள் சேர்ந்தது அங்கேதான். ‘ஷைன் எ லைட்’ பாட்டின் பியானோவும் ஆர்கனும் பில்லி பிரெஸ்டன் வாசித்தவை. அந்த ஆல்பத்தில் கேட்கிற தேவாலயச் சாயலில் பெரும்பங்கு இவர்களுடையது.

முழு ஆல்பமும் நிலவறையில் பிறந்தது என்று எழுதும்போது இவர்கள் அத்தனை பேரும் காணாமல் போகிறார்கள். குழுவுக்கு உள்ளேயும் அருகிலும் இன்னும் சிலர் நஷ்டப்படுகிறார்கள். ‘டம்ப்ளிங் டைஸ்’ பாட்டின் பேஸ் கிட்டார், குழுவின் கிட்டார் கலைஞர் மிக் டெய்லர் வாசித்தது. ‘ஹாப்பி’ பாட்டின் டிரம்ஸ் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லருடையது. இதெல்லாம் தெரியாமல், அந்தப் பாட்டில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸின் தாளக்கட்டு எப்படிப்பட்டது என்று ஒருவர் ஒரு பத்தி உருகி எழுதினால், அதை ரசனை என்று என்னால் ஏற்க முடியாது. காதில் விழுந்த கையை அடையாளம் காணாமல், மனதில் முன்பே இருந்த முகத்தைப் புகழ்வது அது.

எண்களிலும் இதே கதை. பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் தொடர்ச்சியாக 741 வாரங்கள் இருந்தது என்று பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. 1973 மார்ச்சில் பட்டியலுக்குள் நுழைந்தது, 1988-இன் பிற்பகுதியில் வெளியே வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். பதினைந்தை ஐம்பத்திரண்டால் பெருக்கினாலே 780 ஆகிறது. அப்படியானால் 741 எப்படித் தொடர்ச்சியாக இருக்க முடியும்? இடையிடையே பட்டியலிலிருந்து விழுந்து மறுபடி ஏறியிருக்கிறது என்று பள்ளிக்கூடப் பெருக்கலே சொல்லிவிடுகிறது. அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. விழுந்து எழுந்த ஆல்பம் என்பதில் என்ன குறைச்சல்? சலிக்காமல் அதைத் திரும்பத் திரும்ப வாங்கிய புதுப்புது இளைஞர்களின் கதை அதில்தானே இருக்கிறது.

அதே ஆல்பத்தில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டில், சொற்களே இல்லாமல் குரலால் மட்டும் கதறுகிற பெண் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பாடினார், 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். பாட்டை இயற்றியவர் என்ற இடத்தில் குழுவின் ரிச்சர்ட் ரைட்டின் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த மெட்டை அங்கேயே, அப்போதே உருவாக்கியது தானும்தான் என்று 2004-இல் டோரி வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டது. அதன்பிறகு வந்த பதிப்புகளில் ரைட்டின் பெயரோடு டோரியின் பெயரும் சேர்ந்து வருகிறது. அன்று அந்த அறையில் யார் என்ன செய்தார்கள் என்பது ஒருவருடைய உரிமையாகவும் வருமானமாகவும் மாறக்கூடிய விஷயம். அதைச் சில்லறைத் தகவல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே வேறொரு நம்பிக்கையையும் தொட்டாக வேண்டும். நேரில் இருந்தவரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன சந்தேகம் என்பது. ஒலிப்பதிவாளரின் நினைவுக் குறிப்பு, மேலாளரின் பேட்டி, கிட்டார் கலைஞரின் சுயசரிதை ஆகியவற்றை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஆல்பத்தின் வரலாறு எழுதப்படுகிறது. 1975-இல் பிங்க் ஃபிளாய்ட் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, குழுவின் பழைய தலைவர் சிட் பாரெட் திடீரென்று ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். உடல் பருத்து, தலையும் புருவமும் மழித்து, பழைய நண்பர்களாலேயே அடையாளம் காண முடியாத கோலத்தில். பார்த்தவர்கள் உடைந்து அழுதார்கள். வாழ்நாளில் மறக்க முடியாத சம்பவம் என்று சொல்லத்தக்கது. அதை நேரில் பார்த்தவர்களின் விவரங்களை அடுக்கிவைத்துப் பாருங்கள். அன்று எந்தப் பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தது, அவர் என்ன செய்தார், ஒருநாள் வந்தாரா பல நாள் வந்தாரா என்பதில்கூட ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு பொருந்தவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. மனித ஞாபகம் அப்படித்தான் இருக்கும். வாழ்வையே உலுக்கிய ஒரு நாளின் கதி இது என்றால், முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எந்த மைக் எங்கே இருந்தது என்பதற்கு ஞாபகத்தை மட்டும் எப்படி நம்புவது?

வேறு வழி இருக்கிறது என்று காட்டியவர் மார்க் லூயிசன். 1988-இல் வெளிவந்த பீட்டில்ஸ் ஒலிப்பதிவு நாட்களைப் பற்றிய அவருடைய புத்தகம், ஈஎம்ஐயின் காப்பறையில் இருந்த டேப்புகளைக் கேட்டு, டேப் பெட்டிகளில் எழுதியிருந்ததையும் அலுவலகத் தாள்களையும் ஒப்பிட்டு, நாள்வாரியாக எழுதப்பட்டது. எந்த நாள், எந்த ஸ்டுடியோ, எத்தனை டேக் என்று. அதில் ‘கதை’ இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் அதைக் கவனித்துப் படிக்கவில்லை.

குழுவின் முதல் சிங்கிளான ‘லவ் மீ டூ’வையே பாருங்கள். 1962 ஜூன் 6 அன்று அதைப் பதிவுசெய்தபோது டிரம்ஸில் குழுவின் அப்போதைய டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட். செப்டம்பர் 4 அன்று ரிங்கோ ஸ்டார். திருப்தி வரவில்லை. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, ஆண்டி வைட் என்ற தொழில்முறைக் கலைஞரை டிரம்ஸில் உட்காரவைத்து, ரிங்கோவின் கையில் ஒரு டாம்பரினைக் கொடுத்தார்கள். முதலில் வந்த சிங்கிளில் ரிங்கோ வாசித்த பதிவு, மறு ஆண்டு வந்த ஆல்பத்தில் ஆண்டி வைட் வாசித்த பதிவு. வித்தியாசம் கண்டுபிடிக்க நிபுணத்துவம் வேண்டாம். டாம்பரின் சத்தம் கேட்டால் டிரம்ஸில் இருப்பது ஆண்டி வைட். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தன் இடத்தில் இன்னொருவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டே டாம்பரினைத் தட்டிய அந்தப் பகல் முழுவதும் அந்தச் சின்னச் சத்தத்தில் இருக்கிறது. இதைவிட நல்ல கதையை எந்தக் கற்பனை கொடுத்துவிடும்? இதைக் கொடுத்தது தேதியும் டேப்பும்தான்.

தகவல் மர்மத்தைக் கொன்றுவிடும் என்கிற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தில் ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ பாட்டின் டிரம்ஸ் மலை உருள்வது போல இருக்கும். ஜான் போனமின் ராட்சச பலம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் படிக்கட்டின் அடியில் டிரம்ஸை வைத்து, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேல்மாடியிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் என்று தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள். போனமின் பலம் துளியும் குறையாது. அந்த வீட்டின் சுவர்களும் சேர்ந்து கேட்கும்.

அதே ஆல்பத்தின் முகப்பில், விறகுக் கட்டை முதுகில் சுமந்தபடி தடியூன்றி நிற்கும் ஒரு கிழவர் இருக்கிறார். குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய ஓவியம் என்றே அரை நூற்றாண்டாக எழுதப்பட்டுவந்தது. மந்திரவாதி என்றும் துறவி என்றும் அவரைச் சுற்றி எத்தனையோ விளக்கங்கள். 2023-இல் பிரையன் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு விக்டோரியா காலப் புகைப்படத் தொகுப்பில் அதே மனிதரைக் கண்டுபிடித்தார். ஓவியமே இல்லை, எர்னஸ்ட் ஃபார்மர் எடுத்த புகைப்படத்துக்கு வண்ணம் தீட்டியது. கிழவர், வில்ட்ஷயர் பகுதியில் கூரை வேய்ந்து பிழைத்த லாட் லாங் என்று தெரியவந்திருக்கிறது. கோடிக்கணக்கான வீடுகளில் தொங்கிய, கோடிக்கணக்கான கைகள் தொட்ட முகம் அவருடையது. ஒரு கூரை வேய்பவரின் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுத்த வேலை எனக்கு நூறு மந்திரவாதி விளக்கங்களைவிட மேலானது.

பிழையைத் திருத்த முயன்ற பிறகும் அது எவ்வளவு பிடிவாதமாக நிற்கும் என்பதற்கு பாப் டிலன் சாட்சி. 1966 மே 17 அன்று மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் அவர் நடத்திய கச்சேரி, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தவறான பெயரோடு திருட்டுப் பதிவாகக் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கைமாறியது. 1998-இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டபோது, உண்மை தெரிந்த பிறகும், பழைய பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு அதையே தலைப்பாக வைக்க வேண்டியதாயிற்று. பொய்க்கு அவ்வளவு நாள் இடம் கொடுத்தால் அதைக் காலி செய்யவைப்பது கடினம்.

ஆகவே எழுதுகிறவர்களிடம் கேட்பது இதுதான். கதை சொல்லுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு சம்பவத்தை யார் சொல்லி அறிந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். சுவையானதைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை மறைக்காதீர்கள். பாட்டுக்குப் பாட்டு யார் வாசித்தார்கள் என்ற பட்டியலைப் புத்தகத்தின் கடைசியில் சேருங்கள். தமிழில் ராக் இசை பற்றி எழுதுகிற நாமும் பெரும்பாலும் இந்த ஆங்கிலப் புத்தகங்களை நம்பித்தான் எழுதுகிறோம். அங்கே விடுபட்ட பெயர் இங்கேயும் விடுபடும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஓர் ஆல்பத்தைப் பற்றிய புத்தகத்தைக் கையில் எடுத்தால் முன்னுரைக்குப் போகும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். வாசித்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறதா, பதிவு தேதிகள் இருக்கின்றனவா, ஆசிரியர் எதையெல்லாம் பார்த்து எழுதினார் என்று சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டு, ஏன் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.