நீங்க கிளீனா?

போன மாசம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் அடுப்படி, மாடி, தண்ணித்தொட்டி எல்லாம் காட்டினார். அட்வான்ஸும் பேசியாச்சு. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்: "நாங்க ரொம்பக் கிளீனா இருக்கறவங்க தம்பி. நீங்க எப்படி?"

"நாங்களும் தெனம் குளிக்கிறோம் சார், வீடு கூட்டுறோம்" என்றேன்.

"அதில்ல தம்பி…" என்று இழுத்தார். அந்த இழுவையில் இருப்பதுதான் சாதி. வீடு கிடைக்கவில்லை.

'கிளீன்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு நேர்ப்பொருள் அழுக்கில்லாதது. தட்டு கிளீன், தரை கிளீன். ஏற்றிச் சொல்லும் பொருள் குற்றமில்லாதது. லஞ்ச வழக்கில் மாட்டிய மந்திரிக்குக் கிடைக்கிறதே கிளீன் சிட், அது. இந்த இரண்டுமே ஒருவன் செய்கிற காரியத்தைப் பொறுத்தவை. சாதி இந்து அதே சொல்லைப் பிறப்பின் மேல் ஏற்றி வைத்தான். வெள்ளைக்காரனும் அதைக் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டான். வங்காளத்துச் சாதிகளைப் பற்றிய காலனியக் குறிப்புகளில் 'கிளீன் சூத்ரர்' என்றே ஒரு பிரிவு உண்டு. பார்ப்பான் யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பானோ அவன் கிளீன். கை கழுவினானா இல்லையா என்பது கணக்கிலேயே இல்லை.

1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில் அம்பேத்கர் இதைப் பிட்டு வைத்தார். பிறப்புத் தீட்டு, சாவுத் தீட்டு எல்லாம் நாள்கணக்கில் கழிந்துவிடும். தீண்டாமைக்கு மட்டும் கழிப்பே கிடையாது. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். நேர்ப்பொருள் அழுக்கு சோப்புக்குப் போகும்; இவன் பூசிய அழுக்கு எந்தச் சோப்புக்கும் போகாது.

சரி, நேர்ப்பொருளுக்கே வருவோம் தோழர்களே. இந்த ஊரை நெசமாவே கிளீன் பண்றது யாரு? மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக் குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023இல் அதையே 30 லட்சமாக்கியது. தொகைதான் ஏறியிருக்கிறது. குழிக்குள் ஆளை இறக்குவது நிற்கவில்லை. இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நம் சனம்.

அழுக்குப் பண்ணுகிறவன் கிளீன். அள்ளுகிறவன் அழுக்கு. என்னாங்கடா ஞாயம் இது?

அன்றைக்கு வாயடைத்து வந்துவிட்டேன். இனி எவனாவது "நீங்க கிளீனா?" என்று கேட்டால் திருப்பிக் கேட்பேன்: "ஒங்க வீட்டு செப்டிக் டேங்க்க எறங்கி அள்ளுனது யாரு சார்?"

நீங்களும் கேளுங்கள்.